அஷ்டமியில் நின்ற கம்ப்யூட்டர்

அஜின் உள்ளே வரும்போதே ஒரு டி.வி.டி. உறையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தான். ஹார்பரிலிருந்து கப்பலையே கயிறு கட்டி இழுத்து வந்தவன் மாதிரி ஒரு முகம்.

"சிஸ்டர், நியூ வெர்ஷன்!"

எழில்மொழி திரும்பவில்லை. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். அதில் எந்தப் பாட்டும் ஓடவில்லை. வேண்டாத ஆள் உள்ளே வந்தால் முதலில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது, காலடிப்பேட்டை ஸ்டூடியோவில் இந்த நாலு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட பெரிய பாடம்.

"சிஸ்டர், ஒங்களத்தான். கூடவே நாலு ஜி.பி. சவுண்ட் லைப்ரரி. ஃபுல் வேர்ல்டு மியூசிக்!"

அஜின், முதலாளி மாசானம் அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனிக்கு அக்காள் மகன். மார்த்தாண்டத்துப் பையன். கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு மாடியில் மூன்று மாதம் 'சவுண்ட் இன்ஜினியரிங்' படித்திருந்தான். முடித்த அன்றைக்கே மீசையை மழித்துவிட்டு, தாடியில் மட்டும் ஒரு சின்ன முக்கோணம் விட்டுக்கொண்டான். படிப்பில் அதைத் தவிர வேறென்ன மிஞ்சியது என்று எழில்மொழிக்கு இன்று வரை தெரியவில்லை.

பின்னாலேயே படியேறி மூச்சு வாங்க வந்தார் மாசானம் அண்ணாச்சி. கீழே மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். மேலே 'முத்தாரம் டிஜிட்டல்'. கீழே மூட்டை பிரித்தால் மேலே பாடகர் தும்முவார். தும்மல் இல்லாத சமயம் பார்த்துப் பக்திப் பாட்டுகள் பதிவாகும்.

"எம்மா எழிலு, பழசத் தூக்கிப் போட்டுட்டு புதுச ஏத்திரு. ஆயுத பூஜ வருதுல்லா? ஆயுதமும் புதுசா இருக்கட்டும்."

எழில்மொழி ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னா அண்ணாச்சி நீங்க, எட்டுப் பாட்டும் பாதில கீது. சோறு வெந்துகினு கீறப்போ எவனாவது அடுப்ப மாத்துவானா?"

"அடுப்பு புதுசுன்னா சோறு வெரசா வேவும்லா," என்றார் அண்ணாச்சி. தன் பதிலைத் தானே ரசித்துச் சிரிக்கவும் செய்தார்.

அவரிடம் விளக்கிப் பயனில்லை. பாட்டுப் போடும் சாஃப்ட்வேர் என்பது வெறும் வீடு. எதிரொலிக்கு ஒன்று, இரைச்சலை வடிக்க ஒன்று, குரலைக் கனப்படுத்த ஒன்று என்று 'ப்ளக்-இன்' என்கிற குட்டி சாஃப்ட்வேர்களைக் குடிவைத்தால்தான் அதற்குள் சமையல் நடக்கும். உடுக்கை, பம்பை, உறுமி எல்லாம் சவுண்ட் லைப்ரரி என்கிற தனிக் கிடங்கில் கிடக்கும். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால், குடியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சந்தேகம் இருந்தால் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுக்காரர்களைக் கேட்கலாம்.

எழில்மொழியின் பயம் அதுவல்ல. அவள் பயமெல்லாம் ஒரே ஒரு குடித்தனக்காரரைப் பற்றியது. அவளும் ரிதம் பேட் வாசிக்கும் டில்லிபாபுவும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'டாக்டர்'.

டாக்டரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அண்ணாச்சியின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்ணூர் பக்கம் காலி கண்டெய்னரைச் சிமெண்ட் தரையில் தரதரவென்று இழுத்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டால் எப்படியிருக்கும்? அதுதான் மாசானம் அண்ணாச்சியின் குரல். முதல் இரண்டு ஆல்பங்களுக்குக் கூலிக்குப் பாடகர் வைத்தவர், 'நம்ம அம்மனுக்கு நாம பாடுனா என்ன?' என்று மூன்றாவதிலிருந்து தானே மைக் முன்னால் நின்றுவிட்டார். அன்றைக்கு வாங்கி வந்த ப்ளக்-இன்தான் டாக்டர். சுருதி விலகிய குரலைப் பிடித்து இழுத்து, சரியான இடத்தில் உட்காரவைக்கும் வைத்தியர். அண்ணாச்சி பாடி முடித்துக் கேட்கும்போது ஸ்பீக்கரில் வருவது டாக்டர் கைவைத்த குரல். "நம்ம குரலு மைக்குக்குன்னே செஞ்சது மாரி இருக்குல்லா?" என்று கண் கலங்குவார். டாக்டர் என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

வாங்கி வந்தது என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. டாக்டர் இலவச சாம்பிள். பத்து நாள் ஓசியில் உழைப்பார். பிறகு பணம் கட்டி வாங்க வேண்டும். எழில்மொழி வாங்கவில்லை. கேட்டால் 'எதுக்கு?' என்பார் அண்ணாச்சி. 'உங்க தொண்டைக்கு' என்று யார் சொல்வது? ஆகவே அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரில் தேதியைப் பின்னால் திருப்பி வைத்தால் டாக்டருக்கு நாள் போவதே தெரியாது.

தினமும் காலையில் கீழே கடைக்குச் சாம்பிராணி போடுவார்கள். மேலே எழில்மொழி தேதியைத் திருப்பி வைப்பாள். டாக்டரைக் குடிவைத்த அதே நாள்: 2003, ஆகஸ்ட் 5. வெளியே ஆட்சி மாறியது, பஸ் டிக்கெட் விலை மாறியது, கடல் பொங்கி வந்து கரையை வாரிக்கொண்டு போனது. இந்த அறைக்குள் மட்டும் மூன்று வருடமாக அதே செவ்வாய்க்கிழமை.

இந்த மாதிரி ஒரு பிழைப்பைப் பற்றி எழில்மொழிக்கே பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறை அவளுக்கு இதில் ஒரு காரியம் இருந்தது.

இதுவரை வந்த ஏழு ஆல்பங்களிலும் 'இசை: முத்தாரம் குழுவினர்' என்றுதான் போட்டிருந்தது. குழுவினர் என்றால் எழில்மொழி, டில்லிபாபு, ஒரு டேபிள் ஃபேன். வெளியே எந்தக் கம்பெனியில் போய் நின்றாலும், 'நீ போட்ட பாட்டு இன்னா? கவரைக் காட்டு' என்றார்கள். கவரில் பெயர் இல்லை. முணுமுணுத்துப் பாடிக் காட்டினால் சிரித்தார்கள். இந்த எட்டாவது ஆல்பத்துக்கு, மாதக்கணக்கில் அண்ணாச்சியின் பின்னால் அலைந்து, 'இசை: எழில்மொழி' என்று போடவைத்திருந்தாள். மாதிரிக் கவரும் அச்சாகி வந்துவிட்டது. அம்மன் சின்னதாக, அண்ணாச்சி பெரிதாக, கீழே பொடி எழுத்தில் அவள். அது போதும். அந்தப் பொடி எழுத்தை வைத்துக்கொண்டு அவள் இந்த வத்தல் நெடியிலிருந்து வெளியே போய்விடுவாள்.

விஜயதசமி காலையில், சொந்தக்காரர்கள், வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்கள், ராயபுரத்தில் சி.டி. மொத்த விநியோகம் செய்யும் தாவூது பாய் எல்லோரும் கூடியிருக்கும்போது பாட்டைப் போட்டுக் காட்டி, அங்கேயே நல்ல நேரத்தில் முதல் சி.டி.யை எழுதுவதாக ஏற்பாடு. அது வரைக்கும் ஒரு நகல்கூட எடுக்கக் கூடாது என்று அண்ணாச்சி உத்தரவு. பாட்டு பர்மா பஜாருக்குக் கசிந்துவிடுமாம். படிக்க மட்டும் தெரிந்த டிரைவை விட்டுவிட்டு, சி.டி. எழுதும் டிரைவைக் கழற்றிக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஸ்டூடியோவில் இருந்த சாஃப்ட்வேர் முழுவதும் அதே பர்மா பஜாரில் வாங்கியது. திருட்டைக் கண்டு இத்தனை பயப்படுகிற ஒரு இடத்தை வடசென்னையிலேயே பார்க்க முடியாது.

"அண்ணாச்சி, விஜயதசமி முடியட்டும். அப்றம் எதை வோணா மாத்துங்க," என்றாள் எழில்மொழி கடைசி முயற்சியாக.

"பூஜ அன்னைக்குப் பழைய சாமான வச்சிக் கும்புட்டா வெளங்குமா? நீ சும்மா இரி. அஜின் பாத்துக்கிடுவான். படிச்ச பயல்லா?"

ஆயுத பூஜை அன்று, நல்ல நேரத்தில், அஜின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எழில்மொழி அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். பழைய ப்ளக்-இன் ஃபோல்டரை அவன் தூக்கி எறியப் போன விநாடியில் அவன் கையைத் தட்டிவிட்டு, மவுஸைப் பிடுங்கி, டாக்டரைத் தானே புதிய வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். புதிய சாஃப்ட்வேர் அவரை அடையாளம் கண்டுகொண்டது. அவளுக்கு மூச்சு வந்தது.

"இந்தா பாரு, தம்பி. எதை வோணா நோண்டு. கீழ ஓரமா தேதி கீதே, அதை மட்டும் தொடாத."

"ஏன் சிஸ்டர்?"

"ஷாக் அடிக்கும்."

அவன் தேதியைத் தொடவில்லை. அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் சவுண்ட் லைப்ரரியைத் தொட்டான்.

அந்த லைப்ரரி எழில்மொழி சொந்தமாகச் சேர்த்தது. அவளும் டில்லிபாபுவும் மினிடிஸ்க் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து எடுத்த சத்தங்கள். எடுத்த இடத்தின் பெயரையே வைத்திருந்தாள்: நெட்டுக்குப்பம் உடுக்கை, புளியந்தோப்புச் சட்டி மேளம், எண்ணூர் ஆலைச் சங்கு. அஜின் அத்தனையையும் வாரி எடுத்து, 'இந்தியன் பெர்க்கஷன்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் கொடுத்து வைத்திருந்தான்.

"எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க!"

முதல் பாட்டைத் திறந்தார்கள். 'இந்தச் சத்தம் எங்கே? அந்தச் சத்தம் எங்கே?' என்று சாஃப்ட்வேர் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தது. அஜின் ஒவ்வொன்றுக்கும் 'ஓகே, ஓகே' என்று தட்டிக்கொண்டே போனான். பாட்டு ஓடியது. உடுக்கை வர வேண்டிய இடத்தில் பியானோ வந்தது. உறுமிக்கும் பியானோ. பம்பைக்கும் பியானோ. சுடுகாட்டிலிருந்து சூலத்தோடு ஆடி வர வேண்டிய அம்மன், பெரிய ஓட்டலில் காபிக்குக் காத்திருப்பது போல் இருந்தது.

டில்லிபாபு கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமு, அம்மாவுக்கு ஒரு கட்லெட்டு சொல்லு மாமு!"

"பேசாம புது லைப்ரரியில இருந்து போட்டுரலாம் சிஸ்டர்," என்றான் அஜின், சிரிப்புக் காதில் விழாத மாதிரி. "அதுலயும் இந்தியன் டிரம்ஸ் இருக்கு."

போட்டுப் பார்த்தார்கள். பாத்திரக் கடைக்குள் பூனை புகுந்தது.

"ஏந்துரு," என்றாள் எழில்மொழி.

"இல்ல சிஸ்டர், எனக்க இன்ஸ்டிட்யூட்ல…"

"ஏந்துருன்னு சொன்னேன். டில்லி, நீ உக்காரு. நம்பரு ஒண்ணொண்ணா தட்டு. சத்தத்த வச்சி எது எதுன்னு நான் சொல்றேன்."

அன்று பொழுது முழுக்க அதுதான் வேலை. டில்லி தட்டுவான், அவள் கண்ணை மூடிக்கொண்டு 'நெட்டுக்குப்பம்' என்பாள், 'ராயபுரம், கல்யாண மண்டப வாசல்' என்பாள். இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லி, பாட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருத்தினாள். அஜின் மூலையில் நின்று மொபைலில் பாம்பு விளையாட்டு ஆடினான். கீழே பூஜை மணி அடிக்கும் நேரத்துக்கு எட்டுப் பாட்டும் பழைய கதிக்குத் திரும்பியிருந்தது. டாக்டரும் ஆரோக்கியமாக இருந்தார். தேதி: 2003, ஆகஸ்ட் 5.

அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்குப் பொட்டு, மவுஸுக்குக்கூட. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. யாரும் தொட மாட்டார்கள். எழில்மொழியின் வீட்டுச் சுவரில் புத்தர் படம் மட்டும்தான். நாள், நட்சத்திரம் எதையும் அவள் அம்மா ரமாபாய் வாசற்படி ஏற்றியதில்லை. ஆனாலும் இந்த ஒரு சம்பிரதாயத்தை அவள் மனதார வாழ்த்திவிட்டு வியாசர்பாடி பஸ் ஏறினாள்.

அங்கேதான் கணக்குத் தப்பியது.

மறுநாள் காலை அவள் வரும்போது படி முழுக்கச் செருப்பு. உள்ளே சங்கத்து வெள்ளை வேட்டிகள். செல்லக்கனி தாம்பாளத்தில் சுண்டலோடு நின்றாள். மூலை சோபாவில் தாவூது பாய், வெற்றிலை மென்றுகொண்டு, எப்போது எழுந்து போகலாம் என்கிற முகத்தோடு. எழில்மொழி மெஷினைப் போட்டாள். பழக்கத்தில் கண் வலது மூலைக்குப் போனது.

2006, அக்டோபர் 2.

அவள் திரும்பி அஜினைப் பார்த்தாள்.

"யாரு தேதிய மாத்துனது?"

"நாந்தான் மாத்தச் சொன்னேன்!" என்றார் அண்ணாச்சி, பட்டு வேட்டி சரசரக்க. "நேத்து பொட்டு வைக்கையில பாக்கேன், மெஷின் என்னமோ ஒரு தேதி காட்டுது. கீழ பழைய பஞ்சாங்கம் கெடக்குல்லா, எடுத்துப் பாத்தா நெஞ்சே அடைச்சிட்டு! ஆடி மாசம், செவ்வாக்கெழம, அதுவும் அஷ்டமி! அஷ்டமியில வச்சா எம்மா எம்பாட்டு எல்லாத்தையும் பதிஞ்சிருக்க? நான் ஒரு மூட்ட வத்தல்கூட அஷ்டமியில எறக்க மாட்டேனே! பூஜையில வச்ச சாமான் ஆச்சேன்னு விடிய வரைக்கும் பொறுத்திருந்தேன். காலையில அஜின உக்கார வச்சி மொத வேலையா மாத்தியாச்சி. இன்னிக்கு விஜயதசமி. மெஷினும் விஜயதசமியில நிக்கட்டும்."

எழில்மொழி எத்தனையோ ஆபத்துகளை யோசித்து வைத்திருந்தாள். வைரஸ் வரலாம், கரண்ட் போகலாம், எலி ஒயரைக் கடிக்கலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு அஷ்டமி தோஷம் பிடிக்கும் என்று யோசிக்கிற மூளை அவளுக்கு இல்லை.

அவசரமாகத் தேதியைப் பழையபடி திருப்பினாள். பாட்டைத் திறந்தாள். நடுத் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இலவச நாட்கள் முடிந்தன, பணம் கட்டி வாங்கவும் என்று டாக்டர் மிக மரியாதையாகச் சொன்னார். இன்னொரு முறை திருப்பினாள். அதே பெட்டி. டாக்டர் ஏமாளி இல்லை. மெஷின் கிளம்பும்போதே இன்றைய தேதியை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர், நேற்று என்று எத்தனை சத்தியம் செய்தாலும் நம்பத் தயாராக இல்லை.

"என்ன சிஸ்டர், ஏதோ ப்ளக்-இன் போச்சா?" அஜின் குனிந்து கிசுகிசுத்தான். "போனாப் போவட்டும். அது என்ன ப்ளக்-இன்?"

"உங்க சித்தப்பா தொண்டை."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. "அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் டைம் குடுங்க. புது சாஃப்ட்வேரு, கொஞ்சம் தகராறு பண்ணுது."

"பத்தரைக்கு எமகண்டம் வந்துரும். எல்லாரும் வந்து உக்காந்தாச்சி. போடு பிள்ள!"

"இல்ல அண்ணாச்சி…"

அண்ணாச்சி அவளை விலக்கிக்கொண்டு வந்தார். கீபோர்டின் பெரிய கட்டையைத் தட்டினால் பாட்டு ஓடும் என்று அஜின் சொல்லிக் கொடுத்திருந்தான். 'தாயே!' என்று சொல்லித் தட்டினார்.

உடுக்கை கிளம்பியது. நல்ல உடுக்கை. தாவூது பாய் மெல்லுவதை நிறுத்தினார். பம்பை சேர்ந்துகொண்டது, பிறகு உறுமி. யாரோ ஒரு பெரியவரின் கால் தன்னால் தாளம் போட்டது. இதைச் செய்தவள் நான்தான் என்று எழில்மொழிக்கு ஒரு விநாடி நெஞ்சு விரிந்தது.

அடுத்த விநாடி கண்டெய்னர் வந்தது.

'ஆஆத்தா' என்று தொடங்கிய குரல், ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, இறங்க வேண்டிய இடத்தில் வழுக்கி, நடுவில் எங்கோ ஒரு மேளத்தின் மேல் மோதி நின்று, திரும்பவும் கிளம்பியது. ஒரு குழந்தை சுண்டலைத் துப்பிவிட்டு அழுதது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஏல, யாரு குரலுல இது?" என்றார் அண்ணாச்சி. நிஜமாகவே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "எவன் குரலக் கொண்டாந்து எம்பாட்டுல போட்டிய?"

"ஒங்க குரலுதான்," என்றாள் செல்லக்கனி, தாம்பாளத்தைக் கை மாற்றிக்கொண்டு. "குளிக்கையில கேக்குமே, அதே சத்தம். இத்தன நாளு ஸ்பீக்கர்ல வந்ததுதான் யாரோன்னு நெனச்சேன்."

அண்ணாச்சி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டார். எழில்மொழிக்கு அந்த ஒரு கணம் அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. இப்போது சொல்லிவிடலாம், டாக்டரைப் பற்றி முழுக்கச் சொல்லிவிட்டு, காசு கட்டி வாங்கி, இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் சங்கத்துப் பொருளாளர் எழுந்துவிட்டார். தை மாதம் சங்கத் தேர்தல். பொருளாளரின் தெரு ஓட்டு முழுவதும் அண்ணாச்சி கையில் இருந்தது.

"அண்ணாச்சி! இதுல்லா குரலு! முந்தி கேட்டதெல்லாம் மெஷின் மாரி வழுவழுன்னு இருந்துச்சி. இதுல நம்ம ஊரு மண்ணு இருக்கு!"

"மண்ணு மட்டுமா? ஜல்லியும் கீது," என்று டில்லிபாபு எழில்மொழியின் காதோரம் முனகினான்.

"ஆமா ஆமா, உள்ளத்துல இருந்து வருது," என்றார் இன்னொரு வேட்டி. "படிச்சுப் பாடுனவன் குரலு இப்பிடி இருக்காது," என்றது மூன்றாவது வேட்டி; அது மட்டும் உண்மை. ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள், தட்டாதவன் யார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

அண்ணாச்சியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அதைப் பார்ப்பதற்கு, கெட்டுப்போன பாலைக் கொதிக்கவைத்துப் பாயசம் என்று பரிமாறுவதைப் பார்ப்பது போல இருந்தது. "அப்பிடியா சொல்லுதிய? எனக்கும் மொதல்ல வெளங்கல. பாத்தியளா, புது சாஃப்ட்வேரு! உள்ளத உள்ளபடி காட்டிட்டு!"

"அதான் சித்தப்பா, நேச்சுரல் சவுண்ட்!" என்றான் அஜின். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றவன் இப்போது அறை நடுவில் நின்றான். "பழைய வெர்ஷன்ல இது வரவே வராது."

ஐந்து ஆல்பம். ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு எழுத்தாக அந்தக் குரலை எழில்மொழி வைத்தியத்துக்கு அனுப்பிக் காப்பாற்றியிருந்தாள். இந்தக் கூட்டத்துக்கு அது தேவையே இல்லை. கண்டெய்னருக்கே இவர்கள் கைதட்டியிருப்பார்கள்.

கல்லாப்பெட்டியிலிருந்து டிரைவ் வந்தது. அஜின் அதை மாட்டினான். தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு, மாதிரிக் கவர் இருந்தது. அண்ணாச்சி சிரித்தார், அம்மன் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், கீழே பொடி எழுத்தில்: இசை: எழில்மொழி.

அவள் அதையே பார்த்தாள். இந்தக் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனிக்குப் போகிறாள். 'கவரைக் காட்டு' என்கிறார்கள். காட்டுகிறாள். சி.டி.யைப் போடுகிறார்கள். ஆஆத்தா.

"அண்ணாச்சி, குரல மட்டும் சரி பண்ணிட்டு வுடலாம். ரெண்டு நாளு போதும்."

கைதட்டல் நின்றது. அண்ணாச்சி நிதானமாகத் திரும்பினார். "எது சரி இல்லங்குத?"

"சுதி சேரல."

"ஒனக்குச் சேரலன்னா நீ சரியா வாசிக்கல," என்றார் அண்ணாச்சி. சங்கம் மொத்தமும் தலையாட்டியது.

எழில்மொழி பொருளாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். கேட்கக்கூட இல்லை. தாம்பாளத்தில் இருந்த கவரை எடுத்து, தன் பெயரை அடித்தாள். ஒரு கோடு போட்டவள், அது போதாது என்று இன்னும் நாலு கோடு குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள்.

"என்ன பிள்ள செய்யுத? பேரு பேருன்னு இத்தன நாளும் உயிர எடுத்தியே!"

"இப்ப வோணாம் அண்ணாச்சி."

"அப்ப யாரு பேரப் போட?"

"சாஃப்ட்வேர மாத்துனது யாரு? அவரு பேரப் போடுங்க. நேச்சுரல் சவுண்டு அவரால வந்தது தானே?"

அஜின் வெட்கப்பட்டான். தாடி முக்கோணத்தைத் தடவிக்கொண்டான். வேண்டாம் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. அதே பேனாவை வாங்கி, 'இசை: அஜின்' என்று அண்ணாச்சி கொட்டை எழுத்தில் எழுதினார். எழில்மொழிக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்து. எல்லோரும் மறுபடியும் கைதட்டினார்கள். கை சூடாகத்தானே இருந்தது.

எழில்மொழி பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். டில்லிபாபு பின்னாலேயே ஓடி வந்தான்.

"உனக்கு இன்னா பைத்தியமா எழிலு? நாலு வருசம் நாயா ஒழைச்சிட்டு, கடைசில அந்தப் பேமானி பேர எழுத வுட்டுட்டு வர்றே!"

"நீ அந்தக் குரல கேட்டியா?"

"கேட்டேன். வூட்டுக்குப் போயி காத கழுவணும்."

"அதுக்குக் கீழ என் பேரு இருந்தா, அதை எத்தினி வருசம் கழுவுறது?"

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள். மேலே மூன்றாவது பாட்டு தொடங்கியது. லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆள், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான்.

படியில் செருப்புச் சத்தம். தாவூது பாய் இறங்கி வந்தார். வெற்றிலையைத் தெருவோரமாகத் துப்பிவிட்டு, வாயைத் துண்டால் துடைத்தார்.

"யம்மா, நீதானே அந்தப் பேர அடிச்ச பொண்ணு?"

"ஆமா பாய்."

"குரலு கெடக்கட்டும். அதை வுடு. உடுக்கையும் உறுமியும் பேசிகினு போவுதே, அது யாரு போட்டது? அந்தத் தம்பியக் கேட்டா, டி.வி.டி.லயே இருந்துச்சுன்றான். டி.வி.டி.ல இப்டி வருமா?"

எழில்மொழி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. "டி.வி.டி.ல பியானோதான் பாய் வரும். அது நான் போட்டது. வாசிச்சது இவன். மத்த ஏழு ஆல்பமும் நாங்கதான்."

தாவூது பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏழும் நான்தான் வித்தேன். சங்கத்துக்காரன் வாங்குனது போக மீதி, அந்தத் தாளத்துக்காகத்தான் வித்துச்சு. பேரு இன்னா?"

"எழில்மொழி."

"ஒரு கவர்லயும் இல்லியே?"

"அதனாலதான் பாய், உங்ககிட்ட தைரியமா சொல்றேன்."